காவல் துவக்கில் கோளாறு: 12 போரையும் தோட்டாவையும் அறிகுறி வைத்துப் பார்க்கும் முறை

பெரும்போக நெல் குடலைப் பருவத்துக்கு வரும் நாட்களில்தான் மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையின் வட்டைகளில் (வயல்வெளிகளில்) பன்றி இறங்கும். வடகீழ்ப் பருவமழை விடாமல் பெய்வதும் அதே நாட்களில்தான். ஆண்டு முழுக்க அலமாரியில் இருந்த 12 போர் (குழல் அளவின் பெயர்) துவக்கும், போன வருடம் மிஞ்சிய தோட்டாவும் ஒன்றாக வெளியே வருவது அந்த ஈரத்துக்குள்தான். வெடி தீராவிட்டால் துவக்கைத்தான் எல்லோரும் ஏசுவார்கள். ஒற்றைக் குழல் மடிப்புத் துவக்கில் பழுதாகக்கூடிய உறுப்புகள் மிகக் குறைவு. ஈரம் ஏறிப் பழுதாவது பெரும்பாலும் தோட்டாதான். அதனால் வெடி தீராதபோது தோட்டாவை முதலிலும் துவக்கைப் பிறகும் பார்ப்பதே இங்குள்ள ஒழுங்கு.

கீழே வருவது உரிமம் உள்ள, தொழிற்சாலையில் செய்த துவக்குக்கும் தொழிற்சாலைத் தோட்டாவுக்கும் மட்டுமே. வெற்றுக்கூட்டில் மருந்து நிரப்பிய தோட்டாவை எந்தப் பரிசோதனையாலும் நம்பத்தக்கதாக மாற்ற முடியாது.

எதைத் தொடுவதற்கும் முன் துவக்கைத் திறந்து, குழல் வெறுமையா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். தோட்டாக்களை வேறு அறையில் வையுங்கள். சோதிக்கிற மேசையில் ஒரு தோட்டாகூட இருக்கக்கூடாது.

துவக்கு கைக்கு வந்ததும்

புதிதாக வாங்கினாலும், தகப்பனார் பெயரிலிருந்து முறைப்படி உங்கள் பெயருக்கு மாறி வந்தாலும் முதற்பார்வை ஒன்றுதான். முன்கட்டையைக் கழற்றிக் குழலை உடலிலிருந்து பிரியுங்கள். வெளிச்சமான வானத்தை நோக்கிக் குழலைப் பிடித்து, தோட்டா போகும் பக்கமாக உள்ளே பாருங்கள். உள்சுவர் ஒரே சீராக மின்ன வேண்டும். எங்காவது கறுத்த வளையம் போல ஒரு நிழல் தெரிந்தால் அந்த இடத்தில் குழல் வீங்கியிருக்கிறது. முன்பொரு நாள் உள்ளே அடைப்பு இருக்க யாரோ வெடி வைத்ததன் அடையாளம் அது. வெளிப்புறத்தில் விரலை மெல்ல ஓட்டினால் அதே இடத்தில் புடைப்புத் தட்டும். அந்தக் குழலால் இனி வெடி வைக்கக்கூடாது. இரட்டைக் குழலென்றால் அதைத் தனியே தூக்கிப் பிடித்து மரக்கட்டையால் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் இணைப்பு நல்லது, சத்தம் அமுங்கினால் நடுப்பட்டி ஈயப்பற்று விட்டிருக்கக்கூடும்.

அடுத்தது ஆட்டம். முன்கட்டை இல்லாமலே குழலை மாட்டி, மூடி, பிடங்கை (தோளில் வைக்கும் கட்டையை) கையில் பிடித்து அசையுங்கள். முன்கட்டையின் வில் இறுக்கம் தேய்மானத்தை மறைத்துவிடும், அதனால்தான் அது இல்லாமல் பார்க்கச் சொல்வது. மூட்டில் கடகடவென்று ஆட்டம் இருந்தாலோ, மூடிய பிறகும் குழலின் அடிக்கும் ஊசி வெளிவரும் முகப்புக்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தாலோ பூட்டு தேய்ந்துவிட்டது.

குழலின் அடியில் அறையின் (தோட்டா உட்காரும் இடத்தின்) நீளம் பொறித்திருக்கும்: 65, 70, 76 மில்லிமீற்றர், அல்லது இரண்டரை, இரண்டேமுக்கால், மூன்று அங்குலம். இதை ஒரு கடதாசியில் எழுதித் தோட்டாத் தகரத்தில் ஒட்டிவிடுங்கள். பழைய இங்கிலாந்துத் துவக்கென்றால் கிரீடக் குறியோடு கூடிய ‘என்.பீ.’ அல்லது ‘பீ.என்.பீ.’ முத்திரை இருக்கிறதா பாருங்கள். புகையில்லா மருந்துக்குச் சோதித்துத் தேறிய குழல் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. கருமருந்துக்கு மட்டுமே சோதித்த குழலில் இன்றைய தோட்டாவைப் போடக்கூடாது.

விசையை இழுத்தும் வெடி தீரவில்லை

‘டிக்’ என்ற சத்தம் மட்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டுத் திறப்பதுதான் முகத்தையும் கையையும் கெடுக்கிறது. குழல்வாயை ஆளில்லாத பக்கத்து ஈரமண்ணை நோக்கிப் பிடித்தபடி குறைந்தது 30 வினாடி அசையாமல் நில்லுங்கள். வாய் சேற்றில் முட்டக்கூடாது. கேப்புக்குள், அதாவது ஊசி பட்டதும் தீப்பற்றி மருந்தை எரிக்கும் சிறு மூடிக்குள், தீ மெல்லப் பற்றிக்கொண்டிருக்கலாம். பிறகு முகத்தை விலக்கித் திறந்து, தோட்டாவை எடுத்து, அடிப்பகுதியிலுள்ள கேப்பை டோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள். ஊசி பட்ட பள்ளம் கதையைச் சொல்லிவிடும்.

பள்ளம் நடுவில் ஆழமாக இருந்தால் துவக்கு தன் வேலையைச் செய்திருக்கிறது, தோட்டா பழுது. கேப்பில் ஈரமோ எண்ணெயோ ஏறியிருக்கும். அதே பெட்டியில் இன்னொன்றும் இப்படிச் செய்தால் முழுப் பெட்டியையும் ஒதுக்குங்கள். தீராத தோட்டாவைத் திரும்பப் போட்டு அடித்துப் பார்க்கும் பழக்கம் பலரிடம் உண்டு. இரண்டாம் அடியில் அது பாதி வலுவோடு வெடித்து, மருந்துக்கும் சன்னங்களுக்கும் (ஈயக்குண்டுகளுக்கும்) இடையிலுள்ள தக்கையைக் குழலுக்குள் விட்டுவிடலாம். ஒரு தோட்டாவை மிச்சம் பிடிக்க ஒரு குழலைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

பள்ளம் மேலோட்டமாக, நகம் பட்டதுபோல் இருந்தால் துவக்கைப் பாருங்கள். முதற்காரணம் பெரும்பாலும் எண்ணெய். தேங்காயெண்ணெய் பூசி வைத்த துவக்கில் அது ஊசித் துளைக்குள் இறங்கி, வெடிமருந்துக் கரியோடும் தூசியோடும் சேர்ந்து பசையாக இறுகிவிடும். குதிரை (ஊசியை அடிக்கும் சுத்தி) விழுந்தாலும் ஊசி வேகமாக முன்னே வராது. துளைக்குள் இரண்டு மூன்று துளி மண்ணெண்ணெய் விட்டு, குழலைக் கழற்றிய உடலைச் சிறிது நேரம் சாய்த்து வைத்துத் துடையுங்கள். ஊசியை விரல் நகத்தால் தள்ளினால் தடையின்றிப் போய்வர வேண்டும். நுனி அரையுருண்டையாக, வழுவழுப்பாக இருக்க வேண்டும். தட்டையாகத் தேய்ந்திருந்தால் அடி பரவி வலுவிழக்கும், கூராக உடைந்திருந்தால் கேப்பைத் துளைத்து வாயுவைப் பின்னால் விடும். அரத்தால் நுனியைச் சீர்செய்ய முயலாதீர்கள், நீளம் குறைந்தால் பிறகு அடியே எட்டாது.

இரண்டாவது காரணத்தைச் சூடுமிதிப்பு (நெற்கதிர் அடிக்கும்) நாட்களில்தான் காணலாம். கூட்டை வெளியே தள்ளும் உறுப்பின் அடியில் பதரோ வைக்கோல் துண்டோ மாட்டிக்கொள்ளும். குழல் மூடியதுபோல் தெரியும், ஆனால் முழுதாகப் பூட்டாது. திறப்பு நெம்பு நடுக்கோட்டுக்கு வராமல் ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதுதான் அடையாளம். பழைய பல்துலக்கும் தூரிகையால் அந்த இடுக்கைச் சுத்தம் செய்தால் கோளாறு போய்விடும்.

இவை இரண்டும் இல்லையென்றால் வேறு நிறுவனத் தோட்டாவைப் போட்டுப் பாருங்கள். சில கேப்புகள் கடினமானவை, பழைய வில்லுக்கு அவை மசியா. எந்தத் தோட்டாவிலும் பள்ளம் மேலோட்டமாகவே விழுந்தால் குதிரையின் வில் தளர்ந்திருக்கிறது, அல்லது தோட்டாவின் விளிம்பு உட்காரும் பள்ளம் தேய்ந்து தோட்டா உள்ளே அமுங்குகிறது. இரண்டும் உரிமம் பெற்ற திருத்துநரின் வேலை.

பள்ளமே இல்லையென்றால் ஊசி உடைந்திருக்கும். பள்ளம் விளிம்பில் விழுந்தால் மூட்டு தேய்ந்து குழல் நேருக்கு வரவில்லை.

‘டிக்’ என்று ஒரு கணம் கழித்து வெடிக்கிறது

பெட்டியில் மிச்சம் இருப்பதை உடனே நிறுத்துங்கள். அந்தத் தோட்டாக்களில் ஈரம் மருந்துவரை போய்விட்டது. மேலே சொன்ன 30 வினாடி இந்தக் குணத்துக்காகத்தான்.

‘புஸ்’ என்ற சத்தம், தோளில் உதைப்பில்லை

இந்தக் குறிப்பில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வையுங்கள். சத்தம் வழக்கத்தைவிடச் சிறிதாக இருந்தால் அடுத்த தோட்டாவைப் போடாதீர்கள். எந்தப் பன்றி நின்றாலும் போடாதீர்கள்.

இங்கு நடப்பது இதுதான். கேப் வெடித்திருக்கிறது, மருந்து முழுதாக எரியவில்லை. சன்னங்கள் குழல்வாயில் பொலபொலவென்று உதிர்ந்திருக்கலாம், ஆனால் பிளாஸ்டிக் தக்கை குழலின் நடுவில் நின்றுவிடும். அதன் பின்னால் முழுவலுத் தோட்டா வெடித்தால், அடைப்புள்ள இடத்தில் அழுத்தம் குவிந்து குழல் அங்கேயே பிளக்கும். ஒற்றைக் குழலில் அந்த இடம் பெரும்பாலும் முன்கட்டையைத் தாங்கும் இடது கைக்கு மேலே இருக்கும்.

30 வினாடி காத்துத் திறந்து, கூட்டை எடுத்து, குழலைக் கழற்றி அடியிலிருந்து பாருங்கள். இருட்டென்றால் வாய்ப் பக்கம் ஒரு வெள்ளைத் துணியை விரித்து அதில் டோர்ச் அடியுங்கள். வட்டமாக வெளிச்சம் தெரியாவிட்டால் அடைப்பு இருக்கிறது. 12 போர் குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர், அதனால் 16 மில்லிமீற்றர் பருமனுள்ள நேரான மரத்தடி உள்ளே தாராளமாகப் போகும். வாய்ப் பக்கமிருந்து அடியை நோக்கித் தள்ளுங்கள், ஏனெனில் வாய்ப்பக்கம் குறுகியிருக்கும். இரும்புக் கம்பி வேண்டாம், உள்சுவரைக் கீறும். வாடியில் (காவல் குடிசையில்) எப்போதும் இப்படி ஒரு தடி சாத்தியிருக்க வேண்டும். இன்னொரு தோட்டாவால் வெடித்துத் தள்ளிவிடலாம் என்பது குழல் பிளந்த பல விபத்துகளுக்குக் காரணமான எண்ணம்.

தக்கை போன பிறகு குழலுக்குள் எரியாத மருந்துத் துணுக்குகள் சிதறிக் கிடக்கும். உலர்ந்த துணியால் துடைத்தெடுங்கள். பிறகு மிச்சத் தோட்டாக்களின் வாயைப் பாருங்கள். நட்சத்திர மடிப்பு இளகித் திறந்திருந்தால், அல்லது தோட்டாவைக் காதருகே குலுக்கும்போது சன்னம் தளர்ந்து உருண்டால், எல்லாமே சந்தேகத்துக்குரியவை. மடிப்பு இறுகி நின்றால்தான் மருந்து எரிய வேண்டிய அழுத்தம் கிடைக்கும்.

தோட்டா மட்டுமல்லாமல் குளவியும் குழலை அடைக்கும். வாடியில் சாத்தி வைத்த துவக்கின் குழலுக்குள் மண்குளவி கூடு கட்ட ஒரு பகல் போதும். ஒவ்வொரு மாலையும் தோட்டா போடுவதற்கு முன் குழலூடாக வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும். குழல்வாயில் துணி செருகி வைப்பது இதற்கு மருந்தாகாது. இருட்டில் அதை எடுக்க மறந்தால் அந்தத் துணியே அடைப்பு.

தோட்டா உள்ளே போகவில்லை, அல்லது குழல் மூடவில்லை

அழுத்தி மூடாதீர்கள். கடதாசிக் கூட்டுத் தோட்டா ஈரத்தில் ஊதும். பிளாஸ்டிக் கூடு ஊதாது, ஆனால் அதன் உலோக அடியில் துருவோ பச்சைக் களிம்போ பூத்துத் தடிக்கும். களிம்பைச் சுரண்டிப் பாவிக்கலாமா என்று கேட்பார்கள். வெளியே அப்படியென்றால் கேப்பின் ஓரத்தாலும் ஈரம் போயிருக்கும், விட்டுவிடுங்கள்.

புதுப் பெட்டி வந்ததும் வீட்டிலேயே சோதிக்க எளிய வழி உண்டு. குழலை உடலிலிருந்து கழற்றுங்கள். ஊசியும் குதிரையும் உடலோடு அப்பால் இருக்க, வெறுங்குழலில் ஒவ்வொரு தோட்டாவாக விடுங்கள். தன் பாரத்திலேயே ‘டொக்’ என்று இறங்கி, சாய்த்ததும் தானே வெளியே விழ வேண்டும். விரலால் தள்ள வேண்டியிருந்தால் அது ஒதுக்கவேண்டிய தோட்டா. 25 தோட்டாப் பெட்டிக்கு ஐந்து நிமிடம் ஆகாது.

எளிதில் உள்ளே போய்விடுவதாலேயே ஏமாற்றும் தோட்டாக்கள் இரண்டு. தோட்டாவில் எழுதியிருக்கும் 70, 76 என்ற நீளம் வெடித்து மடிப்பு விரிந்த பின் கூட்டுக்கு உள்ள நீளம். மூடிய நிலையில் 76 மில்லிமீற்றர்த் தோட்டாவும் 70 மில்லிமீற்றர் அறைக்குள் அழகாக உட்காரும், குழலும் மூடும். வெடிக்கும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் கழுத்துக்குள் போய் வழியை நெரிக்கும். அழுத்தம் ஏறும், தோள் வலிக்கும், கேப் தட்டையாகும், பழைய பூட்டு சில வெடிகளிலேயே இளகும். மற்றது 20 போர்த் தோட்டா. அது 12 போர் அறைக்குள் நழுவிப்போய்க் கழுத்தில் சிக்கிக் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும். பின்னால் ஒரு 12 போர் போடவும் இடம் கொடுக்கும். 20 போர்த் தோட்டாவின் கூட்டை மஞ்சள் நிறத்தில் செய்வது இந்தக் கலப்பைத் தடுக்கத்தான். இரண்டு அளவுத் துவக்கும் உள்ள வீட்டில் தோட்டாக்கள் ஒரே பையில் இருக்கக்கூடாது.

வெற்றுக்கூடு வரவில்லை

அறைச்சுவர் கரடுமுரடானால் வெடித்து விரிந்த கூடு அதில் கவ்விக்கொள்ளும். களுவாஞ்சிக்குடி, அக்கரைப்பற்று போன்ற கரையோர ஊர்களில் துவக்கு இருந்தால் உப்புக்காற்றில் அறைதான் முதலில் துருப்பிடிக்கும், ஏனெனில் குழலைத் துடைப்பவர்களும் கொஞ்சம் அகன்ற அறையை அதே துணியால் துடைத்ததாக நினைத்துவிடுவார்கள். துணி அங்கே சுவரில் படுவதே இல்லை.

உள்ளே இருப்பது வெடித்த கூடுதான் என்று கேப்பின் பள்ளத்தையும் குழலையும் பார்த்து உறுதி செய்தபின் மரத்தடியால் வாய்ப்பக்கமிருந்து தள்ளுங்கள். கத்தி முனையால் விளிம்பைக் கிண்டினால் இழுக்கும் கொக்கி உடையும். பிறகு வெண்கலத் தூரிகையை மண்ணெண்ணெயில் நனைத்து அறைக்குள் சுழற்றுங்கள். பிளாஸ்டிக் கூட்டின் மெல்லிய படிவு கறுத்த தோலாக உரிந்து வரும். விரலால் தடவும்போது குழி தட்டினால் அதைத் திருத்துநர்தான் மெருகிட வேண்டும். அறையில் எண்ணெய் பூசிக் கூட்டை வழுக்கவைக்கும் குறுக்குவழி கூடாது. உலர்ந்த சுவரைக் கூடு கவ்விப் பிடிப்பதால்தான் பின்னுதைப்பில் ஒரு பகுதி அங்கே நிற்கிறது. எண்ணெய் இருந்தால் முழு உதைப்பும் பூட்டுக்குப் போகும்.

வெடித்ததும் துவக்கு தானே திறக்கிறது, முகத்தில் புகை அடிக்கிறது

இதற்கு வீட்டு வைத்தியம் இல்லை. பூட்டு தேய்ந்திருக்கிறது அல்லது கேப் துளைபட்டிருக்கிறது. இன்னொரு வெடியும் வைக்காமல் திருத்தக் கொடுங்கள். வெறுந்துவக்கில் குதிரையை ஏற்றிப் பிடங்கின் அடியை உள்ளங்கையால் தட்டும்போது குதிரை விழுந்தாலும் இதே முடிவுதான்.

ரிப்பீற்றரில் அடுத்த தோட்டா ஏறவில்லை

ரிப்பீற்றர் என்பது பல தோட்டாக்களை நிரப்பி ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றும் துவக்கு. கையால் இழுக்கும் வகையில் பாதிக்கு மேல் காரணம் கைதான். பின்னால் முட்டும்வரை இழுத்து, அதே வேகத்தில் முன்னே தள்ள வேண்டும். இடையில் தயங்கினால் கூடு வெளியே போகாமல் குறுக்கே நிற்கும். கை சரியென்றால் குழலுக்குக் கீழுள்ள தோட்டாக் குழாயைப் பாருங்கள். மாதக்கணக்காக நிரப்பியே வைத்தால் வில்லின் அழுத்தத்தில் பிளாஸ்டிக் கூடுகள் இடுப்பில் பிதுங்கும், வில்லும் துருப்பிடிக்கும். காலையில் வாடியிலிருந்து வரும்போதே குழாயை வெறுமையாக்குங்கள். தானாக ஏறும் வகை, பாரம் குறைந்த தோட்டாவின் வலுவில் முழுதாகப் பின்னே போகாது. சற்றுப் பாரமான தோட்டாவில் ஒழுங்காக ஓடினால் துவக்கில் பிழையில்லை.

தோட்டாவையும் துவக்கையும் வைக்கும் விதம்

வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் வீடும் மறுகரையில் வயலும் உள்ளவர்கள் குருமண்வெளித் துறையில் பாதை என்னும் மிதவையில் ஏறி மண்டூருக்குப் போகும்போதே தோட்டாவில் வாவியின் ஈரம் ஏறத் தொடங்கிவிடும். பொலித்தீன் பை உதவாது. பகல் சூட்டில் உள்ளே இருக்கும் ஈரக்காற்று இரவில் குளிர்ந்து தோட்டா மேலேயே வியர்க்கும். இறுக்கமான மூடியுள்ள பால்மாத் தகரம் போதும். மழையில்லாத நடுப்பகலில் தோட்டாக்களை அடுக்கி, நான்கைந்து சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, மூடியைச் சுற்றி நாடா ஒட்டுங்கள். நிறம் மாறும் வகை என்றால் நீலம் இளஞ்சிவப்பாகும்போது மாற்றுங்கள். அன்றன்று தேவையான நான்கைந்தை மட்டும் சிறு தகரத்தில் எடுத்துப் போங்கள். நனைந்து திரும்பியதைப் பெரிய தகரத்துக்குள் போடாதீர்கள். அடுப்புக்கு மேலுள்ள பறணில் வைத்தால் உலர்ந்திருக்கும் என்று வைப்பவர்கள் உண்டு. அந்தச் சூடு மருந்தைச் சிதைக்கும், தீயென்றால் வீட்டுக்கே ஆபத்து. வெயிலில் காயவைப்பதும் அப்படித்தான். போன ஈரத்தைக் கேப்பிலிருந்து எடுக்க முடியாது.

துவக்கை உரப்பையில் சுற்றி வைப்பது மிக மோசமான பழக்கம். எம்.ஓ.பி. உரம் பொட்டாசியம் குளோரைட்டு. பையின் இழையில் ஒட்டியிருக்கும் தூள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பில் உப்புநீராக நிற்கும். யூரியாப் பையும் ஈரத்தை இழுக்கும். சாரத் துணியில் சுற்றுங்கள், வாரம் ஒருமுறை பிரித்துத் துடையுங்கள்.

வெடி வைத்த இரவே சுத்தம் செய்ய வேண்டும். அறைப் பக்கமிருந்து மண்ணெண்ணெய்த் துணி, வெண்கலத் தூரிகை பத்து இழுப்பு, கறுப்பு வராதவரை உலர்துணி, கடைசியில் தையல் மெசின் எண்ணெய் மெல்லிய படலமாக. மிகப் பழைய தோட்டாவோ கருமருந்துத் தோட்டாவோ பாவித்திருந்தால் இவற்றுக்கெல்லாம் முன் கழற்றிய குழலில் கொதிநீர் ஊற்றிக் கழுவுங்கள். பழைய கேப்புகள் விட்டுப்போவது உப்பு. உப்பு நீரில்தான் கரையும், மண்ணெண்ணெயில் கரையாது. வாகனக் கழிவெண்ணெய் பூசாதீர்கள், அதில் அமிலம் இருக்கிறது. குழல்வாய் கீழே இருக்கும்படி துணிமேல் நிறுத்தி வைத்தால் மிச்ச எண்ணெய் ஊசித் துளைக்கும் பிடங்கின் மரத்துக்கும் இறங்காது. அடுத்த முறை தோட்டா போடுமுன் குழலையும் அறையையும் உலர்துணியால் துடைத்தெடுங்கள்.

எஸ்.ஜி. என்ற பெரிய சன்னத் தோட்டாவைப் பாவிப்பவர்கள் தூரத்தையும் மனதில் வைக்க வேண்டும். ஒரு சன்னம் ஏறத்தாழ 8.4 மில்லிமீற்றர், உயர்த்திச் சுட்டால் அரைக் கிலோமீற்றருக்கு அப்பாலும் போய் விழும். அடுத்த வட்டைப் பறணிலும் ஆள் இருப்பார். யானைக்குச் சன்னம் வைப்பது சட்டத்தில் குற்றம். காயத்தோடு திரும்பிய யானை அடுத்த இரவு வாடியைத்தான் தேடும்.

தீராத, ஊதிய, துருவேறிய தோட்டாக்களை வாய்க்காலிலோ வாவியிலோ எறியவும் வேண்டாம், புதைக்கவும் எரிக்கவும் வேண்டாம். ‘பழுது’ என்று எழுதிய தனித் தகரத்தில் சேர்த்து, வாங்கிய அனுமதிபெற்ற விற்பனையாளரிடமோ பொலிஸ் நிலையத்திலோ கேட்டு ஒப்படையுங்கள். துவக்கைத் திருத்தக் கொண்டுபோகும்போது உரிமப் புத்தகமும் கூட வர வேண்டும். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி உரிமம் உங்கள் பெயருக்குரியது. காவலுக்கு நிற்பவரிடம் துவக்கை விட்டுவிட்டு வீட்டுக்கு வர முடியாது. திருத்தி வந்த துவக்கை மறுபடி குழலைக் கழற்றிப் பார்த்து, சோதித்த தோட்டாவால் பகல் வெளிச்சத்தில் ஒரு வெடி வைத்து, கேப்பின் பள்ளம் நடுவில் ஆழமாக விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே இரவுக் காவலுக்கு எடுங்கள்.